முலாம் போட்ட தகடு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் அட்டையோடு சரி. தெருவில், கம்பெனியில், சொந்தத்தில், எங்கே கேட்டாலும் துரை என்றால்தான் தெரியும். மின்விசிறி செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கிடங்கில் கிடந்த ஸ்டூல் மேல் கைக்குட்டையை விரித்துவிட்டு உட்கார்ந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பெயர் வைத்துவிட்டார்கள். மனிதர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதுதான் துரை.

அந்தக் கிடங்குக்குப் பொறுப்பாளராகவே இருந்து ஓய்வும் பெற்றார். அத்தனை வருஷத்தில் ஒரு விசிறியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எடுத்து வைத்ததில்லை. விரலை நீட்டுவார், அவ்வளவுதான். "அங்க. இல்ல, அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளி." விரல் காட்டின இடத்துக்குப் பெட்டி போகும். சாயங்காலம் சட்டையில் மடிப்புக் கலையாமல் வீட்டுக்கு வந்து, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்வார். விரல் வலித்திருக்கும் போலிருக்கிறது.

அவர் பெண்டாட்டியின் அண்ணன் வேறு ரகம். ஊரில் பாதி வண்டிகள் அவர் ஷெட்டில்தான் பிழைக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். யாரோ ஒருத்தருடைய ஷெட்டில் மண்ணெண்ணெயில் நட்டுப் போல்ட்டுக் கழுவி ஆரம்பித்தார். லாரிக்கு அடியில் படுத்து முதுகுத் தோல் மரத்துப் போனது. இன்றைக்குச் சொந்த இடம், வண்டியைத் தூக்கச் சொந்த லிஃப்ட், கீழே ஆறு பேர். ஓடுகிற இன்ஜின் மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டாரானால் எந்த வால்வு தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவார். கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துத் தலையைச் சொறிகிற வேலை அது. இதையெல்லாம் அவரே சொல்லிக்கொள்வார். உழைத்தவன் சொல்லிக்கொண்டால் என்ன தப்பு.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தங்கை புருஷன் துரை. உள்ளுக்குள் எவ்வளவு எரிந்தாலும் தங்கை புருஷனை நேருக்கு நேர் ஒரு சொல் சொல்ல முடியுமா? முப்பது வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்றுதான் சொல்லிவருகிறார். உட்காரச் சொல்லிவிட்டு, ஷெட்டில் இருப்பதிலேயே அதிகம் கிரீஸ் அப்பின ஸ்டூலை நகர்த்திப் போடுவார். அது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த சந்தோஷம்.

ஓய்வு பெற்ற துரை வீட்டில் உட்கார்ந்தார். அங்கே பிடித்தது சனி. கிடங்கு போய்விட்டது, கை அரித்தது, சமையலறைக்குள் புகுந்தார். டப்பாவுக்கெல்லாம் எண் ஒட்டினார். சர்க்கரை மேல் தட்டு, உப்பு கீழ்த் தட்டு, தீப்பெட்டி தனிப் பிரிவு. ஒரு கரண்டி எடுத்தால் எடுத்த இடத்தில் சீட்டு வைக்க வேண்டும். "கேக்காம எடுத்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று தாலி கட்டினவளிடம் கேட்டாராம். அந்த அம்மாள் அண்ணனிடம் போனில் அழவில்லை. அழுகிற கட்டத்தையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள். இந்த மனுஷன் பகலில் நாலு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே போக ஒரு வழி பண்ணு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் துரைக்கு கார் ஆசை முற்றியது. அதுவும் நாம் போய்க் கடையில் வாங்குகிற கார் இல்லை. ஐரோப்பாவில் கையால் தட்டிச் செய்த பந்தய கார், துரை பள்ளிக்கூடம் போன காலத்து மாடல். இரண்டே சீட்டு, நீட்டின மூக்கு, தரையைத் தேய்த்துக்கொண்டு போகிற உயரம், சிவப்பு. கம்பெனி முதலாளி அறையில் மாட்டியிருந்த படத்தில் பார்த்தாராம். மனை ஒன்றை விற்றார். ஐரோப்பாவில் இருந்த வியாபாரி ஒருவன் அனுப்பின போட்டோவைப் பார்த்தே பேசி முடித்தார். பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர என்னென்ன அனுமதி வேண்டுமோ அத்தனைக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்டைப் பிடித்தார். எல்லாம் விரலை நீட்டித்தான்.

தங்கைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கார் வந்தால் மனுஷன் ஓட்டுவார், ஓட்டினால் வெளியே போவார். "மனை போனா போகுது அண்ணே," என்றாள். "இவரு போறதுக்கு ஒரு வண்டி வந்தா சரி."

வண்டி துறைமுகத்தில் இறங்கின அன்று துணைக்கு ஷெட்டுக்காரரும் போனார். இரும்புப் பெட்டியைத் திறந்தால், படத்தில் பார்த்த சிவப்பு வெயிலில் காய்ந்த செங்கல் நிறத்தில் நிற்கிறது. சீட் கிழிந்து பஞ்சு தொங்குகிறது. ஒரு டயரில் காற்றே இல்லை. ஏஜெண்ட் அனுபவசாலி. வரிக்கு மதிப்பு போடுகிற சுங்க அதிகாரி இப்போது வருவார், உள்ளதை அவரே கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வார், நீங்கள் வாயைத் திறக்காமல் நின்றால் போதும் சார் என்று துரையிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

அதிகாரி வந்தார். சுற்றிப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், பரிதாபமாக ஏதோ எழுத ஆரம்பித்தார். துரைக்குப் பொறுக்கவில்லை. தன் வண்டியை ஒருவர் பரிதாபமாகப் பார்ப்பதா?

"சார், சாதாரண வண்டின்னு நினைச்சிராதீங்க. உலகத்துலேயே இந்த மாதிரி விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருக்கு. இதுக்கு விலையே போட முடியாது."

அதிகாரி எழுதினதை அடித்தார். பேனாவை மூடினார். தனக்கு மேலே இருப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து விலை போட முடியாத வண்டிக்கு நன்றாகவே விலை போட்டார்கள். வரி ஏறின வேகத்தைப் பார்த்து ஏஜெண்ட் தலையில் கை வைத்துக்கொண்டு பெட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டான். துரை முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு. தன் வண்டியின் அருமை தெரிந்த அதிகாரிகள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வண்டியை விடும்போது ஒரு நிபந்தனை போட்டார்கள். குறித்த தேதிக்குள் பதிவு அலுவலகத்தில் காட்டி நம்பர் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் வண்டி வந்த வழியே திரும்பக் கப்பல் ஏற வேண்டியதுதான். கட்டின வரி திரும்ப வராது, மனையும் திரும்ப வராது. துரை மட்டும் திரும்ப வருவார், சமையலறைக்கு.

"அப்படி மட்டும் ஆச்சுன்னா அண்ணே, நான் உன் ஷெட்டுல வந்து படுத்துக்குவேன்," என்றாள் தங்கை.

ஆக, வேலை ஷெட்டுக்காரர் தலையில் விழுந்தது. விழட்டும் என்று அவரும் எடுத்துப் போட்டுச் செய்தார். பொம்மை வண்டி என்று வாயால் திட்டினாலும் கை திட்டவில்லை. இறுகிக் கிடந்த இன்ஜினை இறக்கிப் பிரித்து, கழுவி, மறுபடி மாட்டி, ஒரு காலையில் உறும வைத்தார். டிங்கரிங் பார்த்துச் சிவப்படித்தார். வண்டிக்கு அடியில், சேஸிஸ் முழுக்க, துருப் பிடிக்காமல் இருக்க அவர் ஷெட்டுக்கே பெயர் வாங்கித் தந்த கறுப்புப் பூச்சைப் பூசினார். ஒன்றுக்கு இரண்டு தடவை, விரல் தடிமனுக்கு. அந்தப் பூச்சு யானை ஏறி மிதித்தாலும் உரியாது என்று அவர் சொன்னால் அது விளம்பரம் இல்லை, உண்மை.

கார்புரேட்டருக்கு ஒரு பழைய சாமான் தேவைப்பட்டது. அதைத் தேடி வெளியூர் போனார். அவர் முதுகு மறைந்த நேரத்தில் துரைக்குச் சேவை செய்யும் எண்ணம் வந்துவிட்டது. ஷெட்டில் இருந்த ஆட்களை விரலை நீட்டி வேலை வாங்கி, பம்பர், விளக்கு வளையம், கதவுப் பிடி என்று மின்னக்கூடியது எல்லாவற்றையும் கழற்றி முலாம் போடுகிற பட்டறைக்கு அனுப்பினார்.

ஷெட்டுக்காரர் திரும்பி வந்தபோது எல்லாம் மாட்டி முடித்து, போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு துரை பக்கத்தில் நின்றார். போட்டோ எடுக்க நிற்கிற மாதிரி. உள்ளே இன்ஜினுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு ஜொலித்தது.

"முகம் பாக்கலாம் மச்சான்," என்றார் துரை.

ஷெட்டுக்காரர் குனிந்தார். முகம்தான் தெரிந்தது. வேறு ஒன்றுமே தெரியவில்லை.

"மாப்ள, இதுல நம்பர் இருந்துச்சே."

"நம்பரா? என்னமோ கீறல் கீறலா இருந்துச்சு. பட்டறைக்காரன் பாதி தேய்ச்சுட்டு, எழுத்து போயிடும் சார்னு நிறுத்திட்டான். நான் விடுவேனா? ரெண்டு தடவ திருப்பி அனுப்பினேன். அப்புறம்தான் இந்தச் சுத்தம் வந்துச்சு."

வண்டி செய்த கம்பெனி அடித்த அடையாள நம்பர் அது. மனிதனுக்குக் கைரேகை மாதிரி வண்டிக்கு அந்த நம்பர். பதிவு அலுவலகத்தில் அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிகிற எண்ணைக் கப்பல் தாளில் இருக்கிற எண்ணோடு ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டினால்தான் மற்றதெல்லாம். நம்பரைத் தேய்த்து அழிக்கிற வேலையை உலகத்தில் ஒரே ஒரு சாதிதான் செய்யும், கார் திருடுகிறவன். அவனும் ராத்திரியோடு ராத்திரியாகத் தேய்ப்பான். காசு கொடுத்து, இரண்டு தடவை திருப்பி அனுப்பி, முலாமும் போட்டு வாங்கிக்கொண்டு வந்த மகான் துரை ஒருத்தர்தான்.

விஷயத்தை எடுத்துச் சொன்னதும் துரை கொஞ்சம்கூட அசரவில்லை. நம்பர்தான் தாளில் இருக்கிறதே, பார்த்து ஒரு புதுத் தகட்டில் அடித்துவிட்டால் போகிறது, உங்களிடம் எண் அடிக்கிற பஞ்ச் இருக்குமே என்றார்.

"மாப்ள," என்றார் ஷெட்டுக்காரர், பல்லுக்கு நடுவிலிருந்து. "அதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல. அதுக்கு ஜெயில்னு பேரு. எனக்கு ஷெட்டு வேணும்."

இன்னொரு வழி இருந்தது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் அதே நம்பரைச் சேஸிஸ் இரும்பிலும் ஓரிடத்தில் அடித்திருப்பார்கள். எந்த இடம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பூச்சு அடிக்கும் முன்னால் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. இப்போது அது, யானை மிதித்தாலும் உரியாத பூச்சுக்கு அடியில் எங்கேயோ நிம்மதியாகத் தூங்குகிறது. இதைத் தங்கையிடம் அவர் சொல்லவில்லை. துரையிடம் சுத்தமாகச் சொல்லவில்லை. மூக்குப் பக்கம் இருக்கும் என்று பம்பரிலிருந்து முன் சக்கரம் வரை சுரண்டிப் பார்த்தார். இல்லை. அதற்குள் கொடுத்த தேதி வந்துவிட்டது. இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பதிவு அலுவலகத்துக்குப் பின்னால் சோதனை மைதானம். ஒரு வேப்ப மரம்கூட இல்லாத மொட்டை வெயில். வரிசையில் மண் லாரி, பள்ளிக்கூட வேன், நடுவில் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இந்தச் சிவப்பு. ஆய்வாளர் ஒரு அம்மாள். கறுப்புக் கண்ணாடி, கையில் அட்டை, காதில் சொருகின பென்சில். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாத ரகம். போனட்டைத் திறக்கச் சொன்னார். தகட்டின் மேல் தாளை வைத்துத் தேய்த்தார். தாள் முழுக்கக் கரியானது, ஒரு எழுத்து வரவில்லை. மறுபடி தேய்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரு தேய்ச்சது?"

மண் லாரிக்காரன்கூட இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். ஷெட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேலை நடந்தது தன் ஷெட்டில். துரையைத்தான் அவருக்குத் தெரியுமே. கிடங்கில் எது உடைந்தாலும் நான் இல்லை என்று அடுத்தவன் பக்கம் நீண்ட விரல் அது. இப்போதும் தன் பக்கம்தான் நீளப் போகிறது. ஷெட்டை இழுத்துப் பூட்டிச் சாவியை இந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். முதுகுத் தோல் உரிய உழைத்ததெல்லாம் ஒரு முழ நீள விரலில் போகப் போகிறது.

துரை ஒரு அடி முன்னால் வந்தார். காலரைச் சரி செய்துகொண்டார்.

"நான்தான் மேடம்."

"நீங்களா?"

"ஷெட்டு ஆளுங்களுக்கெல்லாம் இந்த ஃபினிஷ் வராது மேடம். நானே கூட நின்னு செய்ய வச்சது. பம்பரையும் பாருங்க, அதுவும் நான்தான்."

"இதுல என்ன இருந்துச்சு, தெரியுமா?"

"ஏதோ நம்பர் மேடம். பாக்கவே அசிங்கமா இருந்துச்சு."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தார். பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தைப் பார்த்தார். எத்தனையோ திருட்டு வண்டிகளையும் எத்தனையோ திருட்டு முழிகளையும் பார்த்த கண் அது. அழித்த நம்பரைக் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்ட ஆளை அது பார்த்ததில்லை. கேட்டது குற்றவாளியைத் தேடி. இந்த மனுஷன் காதில் அது, இந்த அழகான வேலை யாருடையது என்று விழுந்திருக்கிறது. அந்தப் பெருமையை ஷெட்டுக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கெட்ட பெயரையெல்லாம் அடுத்தவன் தலையில் கட்டியே காலம் தள்ளினவர், நல்ல பெயர் என்று நினைத்து இதைத் தன் தலையில் எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஆய்வாளர் ஷெட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இவரு எப்பவுமே இப்படித்தானா?"

"முப்பது வருஷமா மேடம்."

"திருடன் இப்படிப் பேச மாட்டான்," என்றார் அந்த அம்மாள். பிறகு, சேஸிஸில் நம்பர் இருந்தாக வேண்டும், அலுவலகம் மூடுவதற்குள் காட்டினால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் வண்டி துறைமுகத்துக்கு என்று சொல்லிவிட்டு மண் லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஷெட்டுக்காரர் வெளியே போவதற்கென்று போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே மண்ணில் படுத்தார். ஒரு கையில் சுரண்டி, ஒரு கையில் டீசல் நனைத்த துணி. தான் பூசின பூச்சைத் தானே சுரண்டினார். அது உரிந்தால்தானே. சொன்ன சொல் தவறாத பூச்சு. ஒவ்வொரு அங்குலத்துக்கும் அவர் தன் கைவேலையையே வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தார். கறுப்புச் சாறு கண்ணில் வடிந்தது, காதில் வடிந்தது. துரை வெயில் படாமல் வண்டியின் நிழலில் குந்தி உட்கார்ந்து விரலை நீட்டினார்.

"அங்க இல்ல மச்சான். இன்னும் கொஞ்சம் தள்ளி."

வாழ்நாளில் முதல் தடவையாக ஷெட்டுக்காரர் தங்கை புருஷனைப் பார்த்து, "வாய மூடுங்க மாப்ள" என்றார். மாப்ளயை விடவில்லை. மரியாதை மரியாதைதான்.

வலது முன் சக்கரத்துக்குப் பின்னால், இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பு வந்து சேர்கிற மடிப்பில் சுரண்டி தடுக்கியது. துணியால் துடைத்தார். ஒரு எண். பக்கத்தில் இன்னொன்று. சாய்ந்தும் நிமிர்ந்தும், எவனோ ஒரு தொழிலாளி எந்தக் காலத்திலோ சுத்தியலால் தட்டினது, முழுசாக இருந்தது. ஆய்வாளரைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு தரையில் குனிந்து, தாளை வைத்துத் தேய்த்தார். கப்பல் தாளோடு ஒட்டிப் பார்த்தார். ஒட்டியது. ஆவணத்தில், அடையாளத் தகடு உரிமையாளரால் தேய்க்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எப்படியோ வண்டிக்கு நம்பர் கிடைத்தது.

அந்த வரியைத் துரை வீட்டுக்கு வந்தவரிடமெல்லாம் காட்டினார். அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதாம்.

இனித் தங்கைக்கு விடிவுகாலம் என்று ஷெட்டுக்காரர் நினைத்தார். அதுதான் இல்லை. வண்டி வீட்டு முகப்பில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. வெளியே எடுத்தால் தூசி படுமாம். ரோட்டுக் கல் தெறித்தால் முலாம் போய்விடுமாம். காலையில் உறையைக் கழற்றித் துடைப்பார், சாயங்காலம் துடைத்து உறையை மாட்டுவார். துடைப்பதற்கென்ன, அவரா துடைப்பார்? பெண்டாட்டியைக் கூப்பிட்டு விரலை நீட்டுவார். நடுவில் ஓய்வு வேண்டுமானால் சமையலறை டப்பாக்கள் இருக்கவே இருக்கின்றன. தங்கை போன் பண்ணி, எனக்கு இரண்டு கிடங்கு ஆகிவிட்டது அண்ணே என்றாள். ஷெட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டார். இன்ஜின் ஓடாவிட்டால் ஓட வைக்கலாம். ஓட்டுகிறவன் ஓடாவிட்டால் எந்த ஸ்பேனரைப் போடுவது?

கொஞ்ச நாள் போனது. போன் வரவில்லை. என்ன ஆனதோ என்று ஒரு மத்தியானம் அவரே கிளம்பித் தங்கை வீட்டுக்குப் போனார். முகப்பு காலி. தரையில் உறை மடித்துக் கிடந்தது. உள்ளே தங்கை கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ரேடியோவை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். டப்பாக்களில் ஒட்டியிருந்த எண்களைக் காணோம். அவள் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது.

"எங்க மாப்ள?"

"கடைத்தெரு முனையில, தையக்கடை வாசல்ல. காலையில வண்டிய எடுத்துட்டுப் போனா இருட்டினப்புறம்தான் வர்றாரு. போனட்ட தொறந்து வச்சுக்கிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்றாராம்."

"தூசி படும்னு சொன்னாரே."

"தையக்காரர் ஒரு நாள் வந்து, இவ்வளவு அழகான வண்டிய வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்களே சார், எங்க தெருவுல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னாரு. அன்னைக்குக் கிளம்பினதுதான்."

ஷெட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தையல்காரனுக்குக் கார் மேல் எப்போதிலிருந்து இத்தனை அக்கறை என்று கேட்டார்.

தங்கை ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். "ரெண்டு ரவிக்கை தைக்கக் குடுத்தேன் அண்ணே," என்றாள். "அடுத்த மாசமும் ரெண்டு குடுக்கணும்."